செர்னோபில் பிள்ளைகளுக்குத் திறந்த கதவுகள்



ஏப்பிரல் மாதம் 26ஆம் திகதியைச் செர்னோபில் அனர்த்தத்தின் சர்வதேச நினைவு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2016ஆம் ஆண்டு பிரகடனம் செய்தது. எந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அந்நாள் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின்னரே, அல்லேலூயா கீதம் எமது ஆலயங்களில் ஒலித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே வருகின்றது. ஆயினும் எம்மிற் பலர் அதனைக் கவனிப்பதில்லை. தூர தேசம், வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள், எமக்கும் அதற்கும் என்ன என்று இருந்துவிடுகிறோம்.

அந்த அனர்த்தத்தின் கொடுமையை மட்டும் எடுத்துரைப்பது இங்கு நோக்கமன்று. அதன் பின்னர் அங்குள்ள பிள்ளைகளுக்காகப் பல நாடுகளில் வீட்டுக் கதவுகள் திறந்தன. திறந்தவர்கள் யார், எப்படித் திறந்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பவற்றை அறிந்தால், பிறரன்பு என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லின் பொருள் எமக்கு இன்னும் தெளிவாகும். அதற்காகவே இவ்வாரம் இதைப்பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

தாயின் கையாற் கொடுத்த பால்

1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் திகதி, சனிக்கிழமை அதிகாலை 1 மணி 23 நிமிடம். அன்று சோவியத் ஒன்றியத்தின் ஒரு பகுதியாக இருந்த உக்ரேனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. பாதுகாப்பை உறுதிசெய்வதற்கென நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையின்போதே அது வெடித்தது. அவ்விரவில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். தீயை அணைக்க ஓடிச்சென்ற தீயணைப்பு வீரரும் நிலைய ஊழியருமாக மேலும் 28 பேர் கதிர்வீச்சு நோயால் சில மாதங்களுக்குள் மாண்டனர்.

நிலையத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தூரத்தில் பிரிப்பியாற் என்னும் நகரம் இருந்தது. அங்கே வாழ்ந்த சுமார் 49,000 பேரிற் பலர் நிலைய ஊழியரின் குடும்பத்தினர். சனிக்கிழமை பகல் முழுவதும் அவர்களுக்கு உண்மை சொல்லப்படவில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள், தெருவில் விளையாடினார்கள். ஞாயிறு பிற்பகல்தான் பேருந்துகள் வந்தன. மூன்று நாட்களுக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படும்படி கூறப்பட்டது. புறப்பட்டவர்கள் அந்த வீடுகளில் மீண்டும் குடியேறவேயில்லை. சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியிற் கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அனுபவம் எமது வாசகர் பலருக்கு உண்டு. ஆதலால் அந்தத் தாய்மாரின் மனநிலையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 116,000 பேரும், பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 350,000 பேரும் தங்கள் ஊர்களை விட்டுப் போக நேர்ந்தது.

உலையிலிருந்து எழுந்த கதிரியக்கத் துகள்களைக் காற்று சுமந்து சென்றது. அவற்றிற் பெரும்பங்கு வடக்கே உள்ள பெலாருஸ் நாட்டின் மீது, குறிப்பாகக் கோமெல், மொகிலெவ் ஆகிய மாகாணங்களின் மீது விழுந்தது. ஏப்பிரல் 28ஆம் திகதி சுவீடன் நாட்டின் அணுமின் நிலையம் ஒன்றில் கருவிகள் கதிரியக்கத்தைக் காட்டிய பின்னரே உலகம் விழித்தது. அன்றிரவு மொஸ்கோ ஒரு சிறு அறிவித்தலை வெளியிட்டது. ஆயினும் மே மாதம் 1ஆம் திகதி கீவ் நகரத் தெருவில் தொழிலாளர் தின ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. அதிற் பிள்ளைகளும் நடந்தார்கள்.

பிள்ளைகளுக்குத் தீங்கு வந்த வழியைச் சற்று விளக்க வேண்டும். உலையிலிருந்து வெளியான பொருட்களுள் ஒன்று கதிரியக்க அயடீன். அது புல்லின்மீது படிந்தது. புல்லைப் பசு தின்றது. பசுவின் பாலைப் பிள்ளை குடித்தது. எமது கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை இழுத்துச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. வளரும் பிள்ளையின் சுரப்பி சிறியதாகையால் அதிற் படும் கதிர்வீச்சு அதிகம். இந்த அயடீனின் வீரியம் எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சில வாரங்கள் அந்தப் பாலைக் கொடாமல் இருந்திருந்தாலே பெருந்தொகையான பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். அண்டை நாடான போலந்தில் ஏப்பிரல் 29ஆம் திகதி முதலே நல்ல அயடீன் கரைசலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கி, 1 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். மிகவும் பாதிக்கப்பட்ட கிராமங்களிலோ, விபரம் அறியாத தாய்மார் தம் வீட்டுப் பசுவின் பாலை வழக்கம்போற் கறந்து, பிள்ளைக்கு நல்லது என்று நம்பிக் கொடுத்தார்கள்.

அதன் விளைவு சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1986இல் பிள்ளைகளாகவும் இளைஞராகவும் இருந்தவர்களுள், பெலாருஸ், உக்ரேன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகள் ஆகியவற்றில் 2005ஆம் ஆண்டுக்குள் 6,000க்கும் அதிகமானோருக்குத் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இவற்றிற் பெரும்பங்குக்கு அந்தப் பாலே காரணம் என்பது வல்லுநரின் முடிவு. நல்லவேளையாக, அவர்களிற் பெரும்பாலானோர் அறுவைச் சிகிச்சையாற் பிழைத்தனர். அவர்களின் கழுத்தில் எஞ்சிய தழும்பைச் செர்னோபில் மாலை என்று அங்குள்ளோர் சொல்வதுண்டு.

அன்பார்ந்தவர்களே, எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு நஞ்சு கொடுக்கவில்லை. உண்மை மறைக்கப்பட்டதால் அன்பே நஞ்சைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆகவே, உரிய வேளையில் உண்மையைச் சொல்வது தருமங்களுள் முதன்மையானது. பாணும் மருந்தும் அதற்குப் பின்னரே.

எகிப்தின் வாசல்

புனித மத்தேயு எழுதிய நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். ஏரோதின் வாளுக்குத் தப்புவதற்காகச் சூசையப்பர் பாலனையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போனார். இந்நிகழ்ச்சியைத் தியானிக்கையில் சூசையப்பரின் கீழ்ப்படிவையும், மரியன்னையின் பொறுமையையும், பெத்லகேமில் மடிந்த மாசற்ற குழந்தைகளையும் நினைக்கிறோம். எகிப்து நாட்டில் இருந்தவர்களை நாம் நினைப்பதில்லை.

யாரோ ஒருவர் அந்தக் குடும்பத்துக்கு ஒதுங்க இடம் கொடுத்திருப்பார். யாரோ ஒருவர் ஊர்பேர் தெரியாத ஒரு தச்சனை நம்பி வேலை கொடுத்திருப்பார். மொழி விளங்காத அந்த இளந்தாய்க்குக் கிணற்றடியில் யாரோ ஒருத்தி வழிவிட்டிருப்பாள். உலக மீட்பர் உண்ட சோற்றில் சில ஆண்டுகளோ சில மாதங்களோ அந்நிய நாட்டுத் தானியமும் கலந்திருந்தது. கொடுத்தவர்களின் பெயரை நற்செய்தியாளர் எழுதவில்லை. அவர்கள் எந்த மதத்தினர் என்பதையும் எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏரோது இறந்தபின் பாலன் தன் நாட்டுக்குத் திரும்பினார். எகிப்து அவரைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அவர் நாசரேத்தூரவர் என்றே அழைக்கப்பட்டார். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுதல் அன்பின் ஒரு பாதி. காலம் வந்தபோது அப்பிள்ளையை அதன் மண்ணுக்கும் மக்களுக்கும் திருப்பிக் கொடுத்தல் மற்றப் பாதி. முதற் பாதியைச் செய்வோர் பலர். இரண்டாம் பாதியே கடினமானது. செர்னோபில் பிள்ளைகளுக்கு உதவியவர்களின் வரலாற்றில் இவ்விரண்டையும் நாம் காணலாம்.

கதவு திறந்தவர்கள்

முதலில் கியூபாவைச் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் 139 பிள்ளைகள் சிகிச்சைக்காக ஹவானா விமான நிலையத்தில் வந்திறங்கினர். நாட்டுத் தலைவர் பிடல் காஸ்ட்ரோ நேரிற் சென்று வரவேற்றார். தலைநகருக்குக் கிழக்கே, தராரா என்னும் கடற்கரையில், கியூபச் சிறுவரின் விடுமுறை முகாமாக இருந்த இடம் அப்பிள்ளைகளுக்கு விடப்பட்டது. இரத்தப் புற்றுநோய் கண்டவர், தோல் நோயாளர், முடி உதிர்ந்தவர் எனப் பலதரப்பட்டோருக்கு அங்கே இலவசமாகச் சிகிச்சையும் தங்குமிடமும் கிடைத்தன. நோய் நீடித்த பிள்ளைகளுக்குப் பாடமும் நடந்தது.

அடுத்த ஆண்டின் இறுதியிற் சோவியத் ஒன்றியம் குலைந்தது. அதை நம்பியிருந்த கியூபாவுக்கு எண்ணெய் வரத்து வீழ்ந்தது, உணவு தட்டுப்பட்டது, நாளிற் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமற் போனது. தன் பிள்ளைகளுக்கே பால் பங்கிட்டுக் கொடுக்கும் நிலை வந்தது. இனி உங்களை வைத்துப் பார்க்க எங்களால் இயலாது என்று அந்நாடு சொல்லியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தராராவின் வாசல் மூடப்படவில்லை. 2011ஆம் ஆண்டு வரை 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பராமரிக்கப்பட்டனர்.

இதைச் செய்த அரசு 1992ஆம் ஆண்டு வரை தன்னைக் கடவுள் மறுப்பு அரசு என்றே சட்டத்தில் எழுதி வைத்திருந்தது. திருச்சபையை நெருக்கியதும் அதே அரசுதான். அதன் உதவியில் அரசியல் நோக்கம் இருந்தது என்பாரும் உளர். இருந்திருக்கலாம். ஆனால் எரிகோ வீதியில் அடிபட்டுக் கிடந்தவன் தன் காயத்தைக் கட்டிய சமாரியனின் நோக்கத்தை விசாரிக்கவில்லை. அந்த உவமையைக் கேட்ட யூதருக்குச் சமாரியன் என்ற சொல்லே எவ்வளவு கசந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாம் நல்லவராக எதிர்பார்க்காத ஒருவரைக் காட்டி, நீங்களும் போய் அவ்வாறே செய்யுங்கள் என்று எமக்குக் கற்பிப்பது ஆண்டவரின் வழக்கம்.

அடுத்து அயர்லாந்து. 1991ஆம் ஆண்டில், பிள்ளைகளைச் சிறிது காலத்துக்காவது அசுத்தமடைந்த இடங்களிலிருந்து வெளியே எடுக்க உதவுங்கள் என்று பெலாருஸ் நாட்டு வைத்தியர்கள் விடுத்த வேண்டுகோள் அங்கே அடி ரோச் என்னும் பெண்மணிக்குக் கிடைத்தது. அவர் தொடங்கிய தொண்டு நிறுவனத்தின் மூலம் காலப்போக்கில் 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அயர்லாந்துக் குடும்பங்களில் வந்து தங்கிச் சென்றனர். இத்தாலியிலும் பங்குகளும் ஊர்ச் சங்கங்களும் முன்னின்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்தன. இவற்றிற் பல வீடுகள் செல்வந்தரின் மாளிகைகள் அல்ல. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் தங்கள் பிள்ளைகளை நெருக்கிப் படுக்கவைத்து, விருந்தாளிப் பிள்ளைக்குக் கட்டில் விட்டுக்கொடுத்த குடும்பங்களும் இருந்தன. விருந்தாளியோடு பேச மொழி இல்லை. சைகையாலும் சில சொற்களாலும் வீடு நடந்தது.

ஜேர்மனியின் உதவி வேறொரு வகையில் எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் படைகளின் ஆக்கிரமிப்பால் பெலாருஸ் தன் மக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரை இழந்தது. கிராமங்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், ஜேர்மன் நாட்டு எவாஞ்சலிக்கச் சபை மக்கள் அதே மண்ணில் ஒப்புரவின் அடையாளமாகப் பெலாருஸ் மக்களோடு சேர்ந்து, வில்லெய்க்கா நகருக்கு அருகே காட்டுப் பகுதியில் பிள்ளைகளுக்கான ஒரு நிலையத்தைக் கட்டினர். அது 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பெயர் நதேஷ்தா. நம்பிக்கை என்பது அதன் பொருள். தகப்பன்மார் துப்பாக்கியோடு போன நாட்டுக்குப் பிள்ளைகள் உளியும் சுத்தியலும் கொண்டு போனார்கள். பாவசங்கீர்த்தனத்தின் பின் நாம் செய்யும் பரிகாரம் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடிந்துவிடுகிறதா என்று இதைப் படிக்கும்போது எண்ணத் தோன்றுகிறது.

யப்பானையும் மறத்தலாகாது. 1991 முதல் 1996 வரை, சசக்காவா அறநிதியத்தின் உதவியோடு, ஹிரோஷிமா, நாகசாக்கி நகரங்களின் வைத்தியர்கள் ஐந்து நிலையங்களை அமைப்பித்து, கருவிகள் பொருத்திய வாகனங்களை அனுப்பி, ஏறத்தாழ 160,000 பிள்ளைகளைப் பரிசோதிக்க வழிசெய்தனர். கழுத்தில் மறைந்திருந்த கட்டிகள் அவ்வாறு காலத்தோடு கண்டுபிடிக்கப்பட்டன. நாகசாக்கி என்றதும் கத்தோலிக்கராகிய எமக்கு ஊராக்காமி நினைவுக்கு வரவேண்டும். 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி அணுகுண்டு அந்தக் கத்தோலிக்கக் குடியிருப்புக்கு மேலேதான் வெடித்தது. அங்கிருந்த ஏறக்குறைய 12,000 விசுவாசிகளில் 8,500 பேர் வரையில் இறந்தனர் என்பர். அணுவால் எரிந்த நகரம் தன் துன்பத்திற் கற்ற வைத்தியத்தை, அணுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது.

ஒரு மாதத்தால் என்ன பயன்?

நியாயமான ஒரு கேள்வியை இங்கே எதிர்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையை ஒரு மாதம் அழைத்து, நல்ல உணவு கொடுத்து, கடற்கரை காட்டி, பின் அதே கிராமத்துக்கு அனுப்புவது உதவியா? அது பிள்ளையின் மனதில் ஏக்கத்தை ஏற்படுத்தாதா? விமானச் சீட்டுக்குச் செலவிட்ட பணத்தை அந்தக் கிராமத்திலேயே செலவிட்டிருக்கலாமே?

உடலைப் பொறுத்தவரை இதற்குப் பதில் உண்டு. மண்ணில் நீண்டகாலம் தங்கும் சீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் மண்ணில் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் செல்லும். காட்டுக் காளான், காட்டுப் பழங்கள், அங்கு மேயும் பசுவின் பால் ஆகியவற்றின் வழியாக அது உடலைச் சேரும். ஆனால் உடலிலோ அது நிலைத்து நிற்பதில்லை. சுத்தமான உணவு உண்டால் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடலிலிருந்து விரைவாக வெளியேறும். ஆகவே சில வாரகாலச் சுத்த உணவுக்குப் பயன் உண்டு. ஆனால் திரும்பிப்போய் முன்போல் உண்டால் அது மீண்டும் சேரும் என்பதும் உண்மையே.

இதனால் விவேகமுள்ள தொண்டர்கள் பிள்ளையை அழைப்பதோடு நின்றுவிடவில்லை. நதேஷ்தாவைப் போல் அந்நாட்டிலேயே சுத்தமான இடத்தில் நிலையம் அமைத்தார்கள். பசுக்களுக்கு ஒருவகை நீல மருந்தைத் தீனியோடு கொடுத்தால் பாலில் சீசியம் குறையும் என்று அறிந்து அதைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அயர்லாந்து நிறுவனம், அநாதை இல்லங்களில் இருந்த பிள்ளைகளுக்கு அந்நாட்டிலேயே வளர்ப்புப் பெற்றோரைத் தேடி வீடுகளை வாங்கிக் கொடுத்தது. இருதய நோயுள்ள பிள்ளைகளுக்காக வெளிநாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களை அங்கேயே அழைத்துச் சென்றது. சமாரியன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று பொறுப்பேற்றுச் சென்றான். தொடர்ந்து செல்லும் அன்பே முழுமையான அன்பு.

ஆயினும் தடுமாற்றங்களும் நேர்ந்தன. சில வீடுகளில், வந்த பிள்ளையைத் திருப்பியனுப்ப மனம் வரவில்லை. இங்கே எல்லாம் இருக்கிறதே, அங்கே என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. பிள்ளை நாடு திரும்பாத சம்பவங்கள் அரசுகளுக்கிடையே பெருஞ்சர்ச்சையாகின. 2008ஆம் ஆண்டு பெலாருஸ் அரசு பிள்ளைகளின் வெளிநாட்டுப் பயணங்களை மட்டுப்படுத்தியது. பிள்ளைகள் திரும்பி வருவதை உறுதிசெய்யும் உடன்படிக்கைகளை நாடுகள் ஒவ்வொன்றாக எழுதிய பின்னரே பயணங்கள் மீண்டும் தொடர்ந்தன. அதற்கிடையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வாய்ப்புத் தவறியது.

அந்த வீட்டாரைக் கல்லெறிய எனக்கு மனமில்லை. அன்பினாலேதான் அவர்கள் தடுமாறினார்கள். ஆனால் ஏழை வீடாயினும், அசுத்தமடைந்த மண்ணாயினும், அது அப்பிள்ளையின் நாசரேத். அங்கே பாட்டி இருக்கிறாள், அப்பிள்ளை செபிக்கும் மொழி இருக்கிறது. பிள்ளையின் மேல் இரக்கம் கொண்டு அதன் தாயை அற்பமாக எண்ணுவது பிறரன்பாகாது. பல ஆயிரம் குடும்பங்கள் கண்ணீரோடு கையசைத்து அனுப்பிவிட்டு, அடுத்த கோடைக்கு மீண்டும் கட்டிலை விரித்து வைத்தார்கள். எகிப்தின் இரண்டாம் பாதியைச் செய்தவர்கள் அவர்களே.

பிள்ளை காட்சிப்பொருளன்று

மேலும் ஒரு காரியம். உதவி திரட்டும் ஆர்வத்தில் சிலர் ஊனமுற்ற பிள்ளைகளின் படங்களைச் சுவர்களில் ஒட்டி, அத்தனைக்கும் செர்னோபிலே காரணம் என்று பறைசாற்றினர். தைரொயிட்டுப் புற்றுநோயைப் போல் மற்ற நோய்களுக்கும் பிறவிக் குறைகளுக்கும் கதிர்வீச்சே காரணம் என்று வைத்தியர்களால் நிரூபிக்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் எட்டு நிறுவனங்களும் மூன்று நாட்டு அரசுகளும் சேர்ந்த செர்னோபில் ஆய்வு மன்றம் ஒரு முடிவைச் சொன்னது. அனர்த்தம் விளைவித்த மிகப் பெரிய சுகாதாரக் கேடு மக்களின் மனதில் ஏற்பட்ட பாதிப்பே என்றது. நாங்கள் கெட்டுப்போனவர்கள், எங்களுக்கு எதிர்காலம் இல்லை என்ற எண்ணம் பலரைக் கதிர்வீச்சைவிட அதிகமாக வாட்டியது.

இது எமக்கு எச்சரிக்கை. நாம் காட்டும் பரிதாபமே ஒரு பிள்ளையின் முதுகை வளைத்துவிடக்கூடும். இருதயத்திற் துவாரம் உள்ள ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை செய்யக் காரணம் செர்னோபிலாக இருக்கவேண்டிய அவசியம் என்ன? காரணம் எதுவாயினும் அது இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட பிள்ளை. அதுவே போதுமான காரணம். சீடர்கள் தங்களுள் யார் பெரியவன் என்று கேட்டபோது இயேசு ஒரு பிள்ளையை அழைத்து நடுவில் நிறுத்தினார். இரக்கப்படுவதற்காக நிறுத்தவில்லை, அதனிடமிருந்து கற்றுக்கொள்வதற்காக நிறுத்தினார்.

எமக்குரிய பாடம்

எமது குடும்பங்களில் பிறந்தநாளுக்கும் இறந்தோரின் ஆண்டு நினைவுக்கும் சிறுவர் இல்லங்களில் மதிய போசனம் கொடுக்கும் நல்ல வழக்கம் உண்டு. அது நிலைக்கட்டும். ஆனால் கொடுக்கும்போது சோற்றுக்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோமா? நன்றிப் பாட்டுப் பாடச் சொல்லிப் பசியோடு நிற்க வைக்கிறோமா? அல்லது அவர்களோடு அதே வாங்கில் இருந்து, அதே சோற்றை உண்டு, பெயரைக் கேட்டு, அடுத்த முறை போகும்போது அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறோமா? இவற்றுள் எது அயர்லாந்து வீட்டுக் கட்டிலுக்கு ஒப்பானது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். யுத்த காலத்திலும், 2004ஆம் ஆண்டு கடற்கோளின் பின்னரும் பிறர் கையால் வாங்கி உண்ட மக்கள் நாம். கொடுத்தவர்களிற் சிலரை இன்றும் வாழ்த்துகிறோம், சிலரின் முகத்தை நினைக்கவும் கூசுகிறோம். கொடுத்த பொருள் ஒன்றுதான். கொடுத்த விதமே வேறு.

நான்கு தசாப்தங்களை எட்டிய பின்னும் செர்னோபிலின் கதை முடியவில்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் கடைசி உலையும் நிறுத்தப்பட்டது. 2016இல், வெடித்த உலையின் மேல் பிரமாண்டமான புதிய இரும்புக் கவசம் நகர்த்தி மூடப்பட்டது. 2022இல் யுத்தம் அவ்விடத்துக்கும் வந்து, ஐந்து வாரங்கள் நிலையம் ரஷ்யப் படைகளின் பிடியில் இருந்தது. 2025 பெப்ரவரி 14ஆம் திகதி அந்தக் கவசமே ஆளில்லா விமானத் தாக்குதலில் சேதமடைந்தது. பெருந்தொற்றும் யுத்தமும் பிள்ளைகளின் பயணங்கள் பலவற்றைத் தடைசெய்தன. யுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்குள் உக்ரேன் நாட்டுப் பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். ஏரோதுகள் சாவதில்லை போலும். ஆகவே எகிப்தின் வாசலும் மூடப்படலாகாது.

2016ஆம் ஆண்டு, அனர்த்தத்தின் 30ஆவது ஆண்டு நினைவின்போது, மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் பாதிக்கப்பட்டோருக்காகச் செபித்து, துயர் துடைக்க உழைத்தோரையும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். நாமும் அவ்வாறே செய்வோம். வருகின்ற ஏப்பிரல் 26ஆம் திகதி மாலைச் செபமாலையில் ஒரு பத்து மணியை அந்தப் பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுங்கள். அன்று பிள்ளைகளாய் இருந்தவர்கள் இன்று தாய் தந்தையர். அவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து நினையுங்கள். செபம் முடிந்தபின், உங்கள் ஒழுங்கையில் அன்று இராச்சாப்பாடு இல்லாத வீடு எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தெரிந்தால், படலையைத் திறந்துகொண்டு போங்கள்.

எகிப்தில் அடைக்கலம் பெற்று நாசரேத்தில் வளர்ந்த பாலன் இயேசு உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.